போர்வீரரின் படம் சொல்வதும் சொல்லாததும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசுதற்குரிய பொருளை நானே தெரிந்துகொள்ளலாம் எனச் செயலாளர் அவர்கள் உரிமையளித்தார்கள். கல்வியின் சிறப்பை எனக்கு முன் பேசியவர்கள் நிரம்பக் கூறிவிட்டமையால், வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் நான் போர்வீரர்களின் புகைப்படங்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். மகிழ்ச்சிக்குரிய விழாவில் போரைப் பற்றிய பேச்சு எதற்கு என நீங்கள் எண்ணக்கூடும். அதற்குரிய காரணத்தை உரையின் முடிவில் கூறுவேன்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்குமிடையே உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போரின் அடிப்படைக் காரணம் அடிமைமுறை. 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அதில் மாண்டனர். அதன் முடிவில் நாற்பது இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைத் தளையினின்று விடுபட்டனர். மகாத்மா சோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டு 'குலாம்கிரி' என்னும் தம் நூலை வெளியிட்டபோது, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார் என்பதை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எனவே அப்போர் நமக்கு முற்றும் அயலானதன்று.

அந்நாளில் படம் எடுப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். படப்பிடிப்பாளர் இருட்டறையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு படையின் பின்னே சென்றனர். ஒரு படத்திற்குச் சில நொடிகளேனும் வேண்டியிருந்தமையால் ஓடும் குதிரையையோ பாயும் வீரனையோ படமாக்க இயலவில்லை. அசையாதவை மட்டுமே அதில் தெளிவாகப் பதியும். போர்க்களத்தில் அசையாதிருப்போர் யார்? இறந்தவர்களே. அப்போரின் களப்படங்களில் சண்டை இல்லாமற் பிணங்கள் இருப்பதன் காரணம் இதுதான்.

1862 செப்டம்பர் 17-ஆம் நாள் ஆன்டீட்டம் என்னுமிடத்தில் நடந்த சண்டையில், ஒரே நாளில் இருதரப்பிலும் 22,000-க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்தனர். அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த அக்களத்தின் படங்களை அடுத்த மாதமே மாத்யூ பிராடி என்பார் நியூயார்க் நகரில் காட்சிக்கு வைத்தார். அதுவரை போர் என்றால் கொடியும் முரசும் என்று எண்ணியிருந்த மக்கள், வேலியோரத்தில் வாய் திறந்து கிடந்த இளைஞர்களின் முகத்தைக் கண்டு திகைத்தனர். வெற்றிச் செய்தி கூறாத உண்மையைப் படம் கூறிற்று.

இனி ஒரு தந்தையின் கதையைக் கேளுங்கள். 1863 சூலைத் திங்கள் முதல் மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் பெரும் சண்டை நிகழ்ந்தது. அது ஓய்ந்தபின் வடபுலத்து வீரர் ஒருவரின் உடலை ஊருக்குள் கண்டெடுத்தனர். அவரை அடையாளங்காட்டும் தாளோ கடிதமோ அவரிடம் இல்லை. அவர் கையில் இருந்தது ஒரு சிறு கண்ணாடிப் படம் மட்டுமே. அதில் மூன்று குழந்தைகள். குண்டடிபட்டுக் கிடந்த அம்மனிதர், உயிர் பிரியும் வேளையில் தம் மக்களின் முகத்தைப் பார்த்தவாறே கண்மூடியிருக்கிறார்.

அப்படம் பிலடெல்பியா நகர மருத்துவர் ஒருவரிடம் சேர்ந்தது. அந்நாளில் செய்தித்தாள்களில் புகைப்படத்தை அச்சிட வழியில்லை. ஆகவே அவர் படத்தைச் சொற்களால் விவரித்து எழுதுவித்தார். மூத்த பையனின் சட்டையும் சிறுமியின் பாவாடையும் ஒரே துணியில் தைக்கப்பட்டவை என்னும் அளவிற்கு அவ்விவரிப்பு நுட்பமாக இருந்தது. அக்டோபரில் வெளிவந்த அச்செய்தியைப் பல ஏடுகள் எடுத்தெழுதின. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்னும் சிற்றூரில், கணவரிடமிருந்து கடிதம் வாராமல் ஏங்கியிருந்த ஒரு பெண்மணி அதைப் படித்தறிந்தார். அத்தகைய படம் ஒன்றை அவரே கணவருக்கு அனுப்பியிருந்தார். இறந்தவர் பெயர் ஏமஸ் ஹியூமிஸ்டன். அந்தப் பெண்மணி தாம் விதவையானதையும், குழந்தைகள் தந்தையை இழந்ததையும் அவ்வாறே அறிந்துகொண்டனர்.

அன்பர்களே, போர்வீரனின் நெஞ்சில் என்ன இருந்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? எனினும் மற்றொன்றையும் கருதுங்கள். அப்படம் தானாகப் பெயரைச் சொல்லிவிடவில்லை. ஒருவர் அதைக் கூர்ந்து நோக்கி எழுதினார். மற்றொருவர் அதைப் படித்தார். எழுத்தும் படிப்பும் சேர்ந்த பின்னரே படம் பேசிற்று.

படம் பொய்யும் பேசும் என்பதையும் மறத்தல் ஆகாது. அதே கெட்டிஸ்பர்க்கில், பாறைகளுக்கிடையே துப்பாக்கியுடன் மாண்டு கிடக்கும் தென்புலத்துக் குறிவீரன் ஒருவனைக் கார்ட்னர் படமெடுத்து வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் மற்றப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவ்வுடல் வேறோரிடத்தில் கிடந்தது என்பதும், காட்சியின் அழகிற்காகப் பாறையருகே கொணர்ந்து வைக்கப்பட்டது என்பதும் புலனாயின. இறந்தவன் மெய், இறந்த இடம் புனைவு. ஆகவே படத்தைக் காணும்போது, இதை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார் என்று கேட்டே நம்புதல் வேண்டும்.

இனி, நான் சிறப்பாகக் கூற வந்த படங்களுக்கு வருகிறேன். 1863-ஆம் ஆண்டு தொடங்கியபின் வடபுலத்துப் படை கறுப்பின மக்களைப் பெருமளவிற் சேர்த்துக்கொண்டது. போர் முடிவதற்குள் தரைப்படையில் ஏறத்தாழ 1,79,000 பேரும் கடற்படையில் ஏறத்தாழ 19,000 பேரும் பணிபுரிந்தனர். அவர்களுள் மிகப் பலர் அதற்குச் சில திங்கள் முன்வரை அடிமைகளாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்தவர்கள்.

அவர்கள் சீருடை கிடைத்ததும் செய்த செயல்களுள் ஒன்று படக்கடைக்குச் சென்றது. சொந்தக் காசு கொடுத்துத் தம்மைப் படமெடுத்துக்கொண்டார்கள். விலை மலிந்த இரும்புத் தகட்டுப் படங்களும் கண்ணாடிப் படங்களும் சிறு பெட்டிக்குள் பொதியப்பட்டு இன்றும் பல கிடைக்கின்றன. தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி, நிமிர்ந்த மார்பு, நேர்கொண்ட பார்வை. பல படங்களில் சட்டைப் பொத்தான்களுக்கும் இடைவாரின் பித்தளைக் கொக்கிக்கும் பொன்வண்ணம் தீட்டப்பட்டுள்ளது.

அப்பொத்தானுக்கு ஏன் பொன் தீட்ட வேண்டும்? அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, பேரறிஞராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அந்நாளில் தம் மக்களிடையே ஆற்றிய உரையில் இதற்கு விடை உண்டு. நாட்டின் எழுத்தைப் பித்தளையிலும் கழுகுச் சின்னத்தைப் பொத்தானிலும் ஒரு கறுப்பர் அணிந்து, தோளில் துப்பாக்கி ஏந்திவிட்டால், அவருடைய குடியுரிமையை உலகின் எவ்வாற்றலும் மறுக்க இயலாது என்பது அவர் கருத்து. தம் மைந்தருள் இருவரை அவர் அப்படைக்கு அனுப்பினார். கேலிச் சித்திரங்களால் இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்குப் புகைப்படம் ஒரு படைக்கலம் என உணர்ந்து, தம்மையும் பலமுறை படமெடுத்துக்கொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்பர்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு குடும்பப் படம் உள்ளது. சீருடையணிந்த கறுப்பின வீரர் ஒருவர். அருகே அவர் மனைவி. இரு புறமும் ஒரே வகையான மேலங்கியும் தொப்பியும் அணிந்த இரு பெண் குழந்தைகள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் அதைக் காண்போர் நெஞ்சம் நெகிழும். ஏனெனில் அடிமைமுறையின்கீழ்க் கணவனையும் மனைவியையும் பிரித்து விற்கலாம். தாயினின்று பிள்ளையைப் பிரித்து விற்கலாம். "இவள் என் மனைவி, இவர்கள் என் மக்கள், எவரும் இனி எங்களைப் பிரிக்க இயலாது" என்னும் உறுதிமொழி அப்படத்தில் உள்ளது. எனினும் அப்படம் வெளியுலகிற்கு வந்தபோது அவர்தம் பெயர் உடன்வரவில்லை. அத்தகைய மிகப் பல படங்களின் நிலையும் அதுவே. முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

படம் சொல்லாத செய்தி மற்றொன்றும் உண்டு. சீருடையில் வெள்ளை வீரரும் கறுப்பு வீரரும் ஒன்றுபோல் தோன்றுவர். ஆனால் சம்பளம் ஒன்றன்று. வெள்ளை வீரருக்குத் திங்களுக்கு 13 டாலர். கறுப்பு வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். மாசச்சூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவினர் அக்குறைந்த ஊதியத்தைத் தொட மறுத்தனர். குறையும் தொகையை மாநில அரசு தருவதாகக் கூறியபோதும் மறுத்தனர். பணம் அன்று, சமத்துவமே அவர்கள் கேட்டது. வீட்டில் மனைவி மக்கள் பட்டினி கிடக்க, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர்கள் ஊதியமின்றியே போரிட்டனர்.

அப்படையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்னும் இளைஞர் 1863 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். வீரருக்குரிய கடமையை நாங்கள் ஆற்றினோம்; வீரருக்குரிய ஊதியம் ஏன் இல்லை என்பதே அக்கடிதத்தின் சாரம். 1864 சூன் திங்களில் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. ஆனால் குடிங் அதன் பயனைப் பெறவில்லை. போரிற் சிறைப்பட்டு, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அடுத்த மாதமே உயிர் நீத்தார். அவர் உள்ளத்தை நாம் இன்று அறிவது படத்தால் அன்று. அவர் எழுதத் தெரிந்தவராக இருந்தமையால்.

அதே படையின் வில்லியம் கார்னி, 1863 சூலை 18-ஆம் நாள் வாக்னர் கோட்டைத் தாக்குதலில், கொடி பிடித்தவர் வீழ்ந்தபோது தாம் அதை ஏந்தி, பல குண்டுகள் உடலில் பாய்ந்தும் தரையில் விழவிடாது கொண்டு மீண்டார். அக்கொடியுடன் அவர் நிற்கும் படம் உண்டு. அவ்வீரத்திற்குரிய உயரிய பதக்கம் அவருக்கு 1900-ஆம் ஆண்டில்தான் கிட்டியது. முப்பத்தேழு ஆண்டுகள்! படத்திலுள்ள கண்கள் அக்காத்திருப்பை அறியா.

இறுதியாக ஒரு படம். 1865 ஏப்ரலில் கோல்டு ஹார்பர் என்னும் களத்தில் எடுக்கப்பட்டது. முந்திய ஆண்டு அங்கு மாண்டவர்களின் எலும்புகளைக் கறுப்பின மனிதர்கள் தோண்டியெடுத்துத் தொகுக்கிறார்கள். முன்னே ஒரு தூக்குக் கட்டிலில் மண்டையோடுகள். அதனருகே அமர்ந்திருக்கும் ஒருவர் நம்மை நேரே நோக்குகிறார். நாட்டின் பிணங்களை அள்ளும் பணி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை எந்தச் சொல்லும் இன்றி அப்படம் காட்டுகிறது. அப்பணி எத்தகையது என்பதை இங்கு அமர்ந்திருப்போருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. பிணங்களுக்குரிய வீரர்களை வரலாறு எழுதிற்று. அவர்களை அடக்கம் செய்தவர்களின் பெயரை அப்படம் தாங்கவில்லை.

இளைஞர்களே, இப்போது தொடக்கத்தில் சொன்ன காரணத்திற்கு வருகிறேன். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரு பழைய பட்டாளத்துப் படம் இருக்கிறது. அகன்ற காற்சட்டை, கையில் தொப்பி, பதினெட்டு இருபது வயதிருக்கும் ஓர் இளைஞர். என் பாட்டனாரின் தம்பி என்றும், இரண்டாம் உலகப் போருக்குச் சென்றவர் என்றும் என் தாயார் சொல்வார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த நாடு, மீண்டு வந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் அறிவு எனக்கு வந்தபோது சொல்லும் வாய் மூடிவிட்டது. படத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். பின்புறம் வெறுமையாக இருக்கிறது. எழுதத் தெரிந்த கை அன்று எங்கள் வீட்டில் இல்லை.

இன்று இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுத் தொண்டால் எழுதும் கை இல்லாத வீடு நம்மிடையே அரிதாகிவிட்டது. எனவே உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இன்றிரவு வீடு சென்றதும், சுவரிலும் பெட்டியிலும் உள்ள படங்களை எடுங்கள். பாட்டியை அருகே அமர்த்தி, இவர் யார், எவ்வூர், என்ன தொழில் செய்தார், எதற்காக இப்படம் எடுத்தார் என்று கேளுங்கள். கேட்டதைப் பின்புறத்தில் தெளிவாக எழுதுங்கள். இவ்விழாவில் எடுக்கும் குழுப்படத்திலும் வரிசை வரிசையாக அனைவர் பெயரையும், பந்தலிட்டவர், உணவு சமைத்தவர் பெயர் உட்பட, எழுதி வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முகத்தைப் படம் காக்கும். பெயரை நாம்தாம் காத்தல் வேண்டும்.