‘பூளைக்கண்’ என்று ஒதுக்க வேண்டாம்

(போயா தினத்தன்று எமது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மாதர் சங்கம் நடத்திய சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரு நாளிலே நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

இன்றைக்குக் கண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். கண் என்றதும் வயதானவர்களுக்கு வருகிற வெண்புரையை நினைப்பீர்கள். நான் சொல்ல வந்தது அது அல்ல. கண்ணுக்கு வேலி மாதிரி இருக்கிற இமையின் ஓரத்திலே வருகிற நோய். கண்ணிமை அழற்சி என்று எழுதுவார்கள். கிளினிக்கில் பிளெபரைட்டிஸ் என்பார்கள். நம்ம லயத்திலே இதற்கு வைத்திருக்கிற பேர் உங்களுக்கே தெரியும். ‘பூளைக்கண்ணு’. அந்த நோயை விட அந்தப் பேர்தான் ஆட்களை அதிகம் வருத்துகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு. நான் அப்போது வேறு ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு ஓர் ஆயம்மா இருந்தார். பிள்ளைகள் அவரை விட்டு இறங்காது. ஒரு நாள் மூன்று தாய்மார் என்னிடம் வந்தார்கள். “ஐயா, ஆயம்மா கண்ணு எப்பவும் செவந்து பூளை கட்டியிருக்கு. எங்க புள்ளைகளுக்கும் ஒட்டிக்கிரும்” என்றார்கள். நான் தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆயம்மாவைக் கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்கு இங்க வர வேணாம், மலைக்குப் போங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் என்றது வருஷக் கணக்காகப் போய்விட்டது. மலையிலே காற்றும் வெயிலும் பட்டு அவர் கண் இன்னும் மோசமானது.

2021இல் அதே நோய் எனக்கு வந்தது.

காலையில் எழும்பினால் இமை ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் தொட்டுத்தான் திறக்க வேண்டும். கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தல். இமை ஓரம் சிவந்து, மயிர் அடியிலே பொடுகு மாதிரி செதில். சொட்டு மருந்து வாங்கி விட்டேன். இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி. உடம்பு வலியை விட ஆட்களின் பார்வைதான் தாங்க முடியவில்லை. பிரட்டுக்களத்தில் நின்றால், “என்ன ஐயா, ராத்திரி கொஞ்சம் கூடிப் போச்சோ?” என்று சிரிப்பார்கள். நான் தவறணை வாசலை மிதிக்காதவன். அதை எத்தனை பேரிடம் சொல்வது? கறுப்புக் கண்ணாடி போட்டேன். “ஐயா சினிமா நடிகராயிட்டாரு” என்றார்கள். கடைசியில் கூட்டங்களில் பின் வரிசையில் உட்காரப் பழகினேன். பேசும்போது ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினேன்.

ஐந்து மாதம் கழித்துத்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, “இது என் பிள்ளைகளுக்குத் தொத்துமா?” அவர் சொன்னார்: “தொத்தாது.”

அந்த நிமிஷம் மேசையில் கிடந்த அந்தச் சாவிதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

இனி அந்த நோயைப் பற்றி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் இமை ஓரத்திலே, மயிருக்குப் பின்னால், மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. ஜெர்மனி நாட்டு வைத்தியர் மைபோம் என்பவர் 1666இல் இவற்றைப் பற்றி எழுதினார். அவர் பேராலேயே இன்றும் மைபோமியன் சுரப்பி என்று அழைக்கிறார்கள். நாம் கண் சிமிட்டும்போதெல்லாம் இதிலிருந்து துளி எண்ணெய் வந்து கண்ணீரின் மேல் படர்ந்து, கண் காயாமல் காக்கிறது.

குளிர் மாதத்தில் நம் வீட்டுப் போத்தலில் தேங்காய் எண்ணெய் உறைந்து போகும் அல்லவா? அதே மாதிரி இந்தச் சுரப்பியின் எண்ணெய் தடித்து வாயை அடைத்துக்கொள்கிறது. அப்போது கண் காய்கிறது, எரிகிறது, இமை வீங்குகிறது, அடிக்கடி கண்கட்டி வருகிறது. இது ஒரு வகை. இன்னொரு வகை, எல்லோருடைய தோலிலும் இருக்கிற கிருமிகள் இமை மயிர் அடியில் அளவுக்கு மேல் பெருகுவதால் வருவது. தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு இமையிலும் வரலாம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஆகவே, இது அழுக்கால் வந்த நோய் என்று யாரையும் பேசாதீர்கள். தினமும் இரண்டு வேளை குளிக்கிறவருக்கும் வரும். குடியாலும் வந்ததல்ல. சாபமும் அல்ல, கண்ணூறும் அல்ல. ஒருவரைப் பார்த்தாலோ, பக்கத்தில் இருந்தாலோ, அவர் தூக்கிய பிள்ளையைத் தூக்கினாலோ ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கண் சிவந்து பரவுகிறதே, அந்தக் கண்ணோய் வேறு. அது தொத்தும், சில நாளில் போய்விடும். இது தொத்தாது, ஆனால் நெடுநாள் இருக்கும். பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால்தான் ஆட்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். எது என்று சந்தேகம் இருந்தால் நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது அடியோடு போகிற நோய் அல்ல. அடங்கும், திரும்பவும் கிளம்பும். தினமும் பார்த்துக்கொண்டால் அடங்கியே கிடக்கும். முகம் கழுவுவது, பல் துலக்குவது மாதிரி இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்வது? காசு அதிகம் தேவையில்லை. பத்து நிமிஷம் தேவை.

முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். காலையில் தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிற தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து ஆற வையுங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பார்த்து, சுடாமல் இதமாக இருக்க வேண்டும். சுத்தமான துணியை அதில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் வையுங்கள். துணி ஆறினால் திரும்பவும் நனையுங்கள். ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். உறைந்த எண்ணெய்ப் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து இளக்குகிறோமே, அதுதான் இது.

அடுத்து, விரல் நுனியால் இமையை மெதுவாகத் தடவி விடுங்கள். மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக. இரண்டுமே மயிர் இருக்கிற ஓரத்தை நோக்கித்தான். கண்ணை அழுத்தக் கூடாது.

மூன்றாவது, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு சின்னக் கோப்பையில் எடுத்து, குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு சில துளி கலந்து, பஞ்சை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு மயிர் அடியைத் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் போட்ட பஞ்சை மறு கண்ணுக்குப் போடாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். செதிலை நகத்தால் கிள்ளி எடுக்காதீர்கள்.

ஆரம்பத்தில் காலையும் இரவும் செய்யுங்கள். அடங்கிய பிறகு ஒரு வேளை. பலன் தெரிய சில வாரம் போகும். நாலு நாள் செய்துவிட்டு, “ஒண்ணும் கேக்கல” என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் முதலில் விட்டவன்தான்.

நாலரை மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பிரட்டுக்கு ஓடுகிற தாய்க்குப் பத்து நிமிஷம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வீட்டு ஆண்கள் கையில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் ரொட்டியை நீங்கள் திருப்பிப் போடுங்கள், பிள்ளையின் தலையை நீங்கள் வாருங்கள் அண்ணமாரே. குறைந்து போக மாட்டோம்.

வேலையிடத்திலும் கவனம் வேண்டும். கொழுந்து பறித்த கையால், உரம் போட்ட கையால், மருந்து அடித்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள். துடைப்பதற்கென்று சுத்தமான கைக்குட்டை ஒன்றைச் சேலையில் செருகிக்கொள்ளுங்கள். ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் நிற்கிற தம்பிமார் வேலை முடிந்ததும் முகம் கழுவுங்கள். விறகுப் புகை இமையைக் கூடுதலாக எரிய வைக்கும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். பொடுகு இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள். கண் எரிகிற நாட்களில் மை பூச வேண்டாம்.

நம் வீடுகளில் கண்ணுக்குள் தாய்ப்பால் பீய்ச்சுவார்கள், நந்தியாவட்டைப் பூவைப் பிழிவார்கள், தேன் விடுவார்கள். வேண்டாம். புதுக் கிருமியை நாமே உள்ளே விடுவதாக ஆகிவிடும். பாமசியில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக் கணக்கில் விடுவது அதை விட ஆபத்து. சில சொட்டு மருந்துகளில் ஸ்டீரொயிட் இருக்கிறது. டாக்டர் சொல்லாமல் நெடுநாள் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும், வெண்புரை வரும். பூசுகிற மருந்தோ குளிசையோ தேவை என்றால் டாக்டர் எழுதித் தருவார்.

எப்போது உடனே போக வேண்டும்? கண் வலித்தால், பார்வை மங்கினால், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனால், கறுப்பு விழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஒரு பக்கத்து இமையில் மட்டும் ஆறாத கட்டி இருந்தாலும், ஒரே இடத்தில் மயிர் கொட்டினாலும் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோய் விழியையும் தாக்கலாம். பிள்ளை வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய பெரிய ஆஸ்பத்திரிகளில் கண் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை. தோட்டத்து டாக்டரிடம் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். போக வழி தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள்.

இவ்வளவும் கண்ணுக்கு. மனசுக்கு என்ன வைத்தியம்?

கண் சிவந்த ஒரு பெண் காலையில் பீலிக்கரைக்குப் போனால், “ராத்திரி அடிச்சானா, அழுதியா?” என்று கேட்கிறோம். கண் சிவந்த ஆணைப் பார்த்தால் குடிகாரன் என்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணைப் பார்த்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ‘பூளை’ என்று பட்டப்பேர் வைத்த பிள்ளை, கரும்பலகை தெரிந்தாலும் பின் வாங்கில்தான் உட்காருகிறது. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போகாமல் நாள் கடத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாம் விளையாட்டாகத்தான் சொல்கிறோம். கேட்கிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க வைத்திருக்கிறார்.

கிளினிக்குக்குப் போய் வந்த பிறகும், அந்த ஆயம்மா வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. போனேன். இஸ்தோப்பில் பாய் போட்டு உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “வேல போனதுகூடப் பெருசில்ல ஐயா. பீலியில தண்ணி பிடிக்கிறப்ப, எங்கிட்ட வளந்த புள்ள ‘ஆயம்மா’ன்னு ஓடி வந்துச்சு. அதோட தாய் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. அதத்தான் இன்னும் மறக்க முடியல.”

அடுத்த மாதம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனோம். 2022இல் அங்கே ஓர் உதவியாளர் ஓய்வு பெற்றபோது அவர் திரும்பவும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். அவருடைய கண் முழுக்கச் சுகமாகவில்லை. எனக்கும்தான். காற்றுக் காலத்தில் சிவக்கும். வெந்நீர்த் துணியை எடுத்து வைப்போம், அடங்கும்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடக்காதீர்கள். யாராவது கேட்டால், “இமையில அழற்சி, மருந்து செய்றேன், ஒட்டாது” என்று நேராகச் சொல்லுங்கள். ஐந்து வார்த்தைதான். நான் அதைச் சொல்லப் பழகிய பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மற்றவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை கண் சிவந்த ஒருவரைப் பார்த்தால் காரணத்தை நீங்களே கட்டாதீர்கள். “கண்ணுக்கு என்ன, காட்டுனீங்களா?” என்று கேளுங்கள். அது போதும்.

கூட்டம் முடிந்ததும், கண் காட்ட வேண்டியவர்கள் என்னிடம் பேர் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் கொடுக்க வெட்கமாக இருந்தால் பின்னேரம் ஆபீசுக்கு வாருங்கள்.