ஆய்வகத்தில் ஓடியது, அங்கே ஏன் ஓடவில்லை?

(திருப்பூரில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். மாணவி ஒருத்தியிடம் நான் செய்த தவறு ஒன்றை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அவள் 12-ஆம் வகுப்பு. அம்மா பவர் டேபிளில் ஓவர்லாக் தைப்பவர். சனிக்கிழமை மாலை நோட்டைப் பார்த்துப் பீஸ் கணக்குப் போட்டுக் கூலி கொடுப்பார்கள். கூட்டலில் அடிக்கடி தகராறு வரும். 11-ஆம் வகுப்பில் படித்த சி++ மொழியில், பீஸ் எண்ணிக்கையையும் ரேட்டையும் கொடுத்தால் வாரக் கூலியைக் காட்டும் நிரல் ஒன்றை அவள் எழுதினாள். ஆய்வகத்தில் நன்றாக ஓடியது. எக்ஸி கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை வந்து, "அங்க ஓடலைங்க சார். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நான் எழுதுனது தப்புங்களா?" என்றாள். ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தேன், ஓடியது. "நீ சரியா காப்பி பண்ணியிருக்க மாட்டே" என்றேன். பேசாமல் போய்விட்டாள்.

மனது கேட்காமல், கம்பைலர் இல்லாத வேறொரு கணினியில் அதைப் போட்டேன். 'லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் காணப்படவில்லை' என்று செய்தி வந்தது. அவள் எழுதியதில் தவறே இல்லை.

நாம் எழுதும் நிரலில் எல்லா வேலைக்கும் கட்டளை இருப்பதில்லை. உள்ளீடு வாங்குவது, திரையில் காட்டுவது போன்ற பொது வேலைகளை இயக்க நேர நூலகம் செய்கிறது. எங்கள் ஆய்வகத்தில் மின்ஜிடபிள்யூ நிறுவியபோதே அந்த நூலகமும் வந்துவிட்டது. பவர் டேபிள் கணினியில் அது கிடையாது. பட்டனையும் லேபிளையும் இங்கேயே வைத்துவிட்டுத் துணியை மட்டும் அனுப்பிய கதைதான்.

இதற்கு வழி உண்டு. கேட்கும் டிஎல்எல் கோப்பை மின்ஜிடபிள்யூவின் 'பின்' கோப்புறையிலிருந்து எடுத்து, எக்ஸி இருக்கும் கோப்புறையிலேயே வைக்கலாம். ஒன்றை வைத்தால் அடுத்ததைக் கேட்கும்; அதையும் வைக்க வேண்டும். அல்லது, கம்பைல் செய்யும்போதே 'ஸ்டேட்டிக்' விருப்பத்தைக் கொடுத்தால் நூலகம் எக்ஸிக்குள்ளேயே சேர்ந்துவிடும். கோப்பு பெரிதாகும், ஆனால் தனியாக ஓடும்.

கற்பித்தல் மென்பொருள் நிறுவும் எல்லோருக்கும் இது பயன்படும். 'விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை' என்று வந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்டிரிபியூட்டபிள் தொகுப்பை நிறுவுங்கள். 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே தொகுப்பு போதும். மென்பொருள் 32 பிட் என்றால், கணினி 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் தொகுப்புதான் வேண்டும். இணையம் இல்லாத பள்ளிக்குப் போகும்போது இரண்டையும் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகத் தரும் முன்பின் தெரியாத தளங்கள் பக்கம் போகாதீர்கள், வைரஸ் வரலாம்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "ப்ரோகிராம் சரி. கூட என்ன போகணும்னு நான்தான் சொல்லித் தரலை" என்றேன். அவள் முகம் தெளிந்தது. புதிய எக்ஸியை எடுத்துப் போனாள். இரண்டு வாரம் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அதிலேயே கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

இப்போதெல்லாம் எந்த நிரலையும் எதுவும் நிறுவாத ஒரு கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகே மதிப்பெண் போடுகிறேன். 'நீ செய்தது தவறு' என்று பிள்ளையிடம் சொல்லும் முன், நம்மிடம் இருந்து அங்கே இல்லாமல் போனது எது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.