சோடாவைத் தட்டிவிட்ட கை

(வணிகர் – இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜி.எஸ்.டி. பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பேச ஆடிட்டர் எனக்குப் பின்னால் காத்திருக்கிறார். நான் சைக்கிளிலிருந்து விழுந்த கதையைச் சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள், கொஞ்சம் கேளுங்கள்!

1993-ஆம் ஆண்டு. திருச்சி பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கேரியரில் கைலி மூட்டை. இடுப்புப் பெல்ட்டில் அன்றைய வசூல், நாலாயிரத்துச் சொச்சம். பின்னால் வந்த பஸ் காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. பதறி இடப்பக்கம் ஒடித்தேன். தார் முடிகிற இடத்து மணலில் முன்சக்கரம் புதைந்தது. மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பஸ் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தால் ஒரு வட்டமாகக் கால்கள். யாரோ சோடா உடைத்துக்கொண்டு வந்து வாயருகே வைத்தார். லாரியில் மூட்டை ஏற்றுகிற தொழிலாளி ஒருவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "சோடாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாய், அசையாதீங்க. கழுத்தத் திருப்பாதீங்க" என்றார். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்ததோ! பூக்கட்டுகிற அம்மா ஒருவர் தன் துண்டை மடித்து என் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தார். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. ஒரே அழுத்தாக அழுத்தினார். ரத்தம் நின்றது.

பெல்ட்டை என்ன செய்தார் தெரியுமா? டீக்கடைக்காரர் முன்னால் அவிழ்த்து, எண்ணி, "இத்தனை ரூபாய், நீங்களும் பார்த்துக்குங்க" என்று சொல்லி அவரிடமே ஒப்படைத்தார். மறுநாள் அத்தா போய் வாங்கி வந்தார். ஒரு ரூபாய் குறையவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த மனிதருக்கு என்ன மரியாதை கிடைத்தது? "நீ யார்? அவருக்கு என்ன உறவு? நீதான் இடித்தாயா? போலீஸ் வரும்வரை போகாதே" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ராத்திரி லோடு போயிற்று, கூலியும் போயிற்று. நான் கண்விழித்துக் கேட்டபோது அவர் போய்விட்டிருந்தார். பெயர் தெரியாது. பிறகு இரண்டு முறை மார்க்கெட்டில் தேடினேன். இரண்டே முறைதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் 1989-லேயே உச்சநீதிமன்றம் பர்மானந்த் கடாரா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது. அடிபட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவரை, 'இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது' என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார் என்ற செய்தியிலிருந்து பிறந்த வழக்கு அது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் விவகாரம் பிறகு என்றது தீர்ப்பு. தீர்ப்பு டெல்லியில் இருந்தது, பெஞ்ச் இங்கே இருந்தது!

இனி எனக்கே வெட்கமான ஒன்றைச் சொல்கிறேன். 2012-இல் ஒரு ராத்திரி. பாதி ஷட்டர் இறக்கிவிட்டேன், சாவி கையில். கடைக்கு எதிரே மோட்டார் பைக்கில் வந்த ஒரு பையனை வேன் தட்டிவிட்டுப் போய்விட்டது. நான் நின்றேன். சாட்சிக்கு இழுப்பார்களே, கோர்ட்டுக்கு அலைய விடுவார்களே என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்காக ஒருவர் கூலியை இழந்தாரே, அது அப்போது நினைவுக்கு வரவில்லையா? வந்தது. வந்தும் நின்றேன். கடைசியில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர்தான் 108-க்குப் போன் செய்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அதில் எனக்குப் பங்கில்லை.

அன்றைக்கு என்னிடம் இருந்த சாக்கு இன்றைக்கு உங்களிடம் இல்லை, சகோதரர்களே! 2016 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம், உதவுகிறவரைத் துன்புறுத்தக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவினால், உங்கள் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். இதைத் தெரிந்துகொண்டு, யாராவது பெஞ்சைக் காட்டினால், 'சட்டத்தைப் பாருங்கள் ஐயா' என்று பணிவாகச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள்.

செலவு யார் கட்டுவது என்ற பயமும் உண்டு. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு அதில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. போனை எடுத்தால் முதலில் 108. வீடியோ எடுப்பதற்கு முன்னால் அடிபட்டவருடைய வீட்டுக்காரர்களை நினைத்துப் பாருங்கள்! தம் பிள்ளையைத் தெருவில் கிடந்த கோலத்தில் அவர்கள் வாட்ஸ்அப்பிலா பார்க்க வேண்டும்?

ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். நமது கடைத்தெருவில் முதலுதவிப் பயிற்சி ஒன்று நடத்தலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். வாசலில் மேசை மேல் நோட்டு இருக்கிறது. பெயர் எழுதிவிட்டுப் போங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கடை அடைக்கிறவர்கள் முதலில் எழுதுங்கள். லோடு இறக்குகிற தொழிலாளர்களையும், தள்ளுவண்டிக்காரர்களையும் கூட்டி வாருங்கள். சொல்லிக்கொடுக்க அவர்களிடமும் நிறைய இருக்கும். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.