ஓடச் சொன்னால் ஓடுங்க: பாராகிளைடிங் போகிறவர்களுக்குச் சில வார்த்தை



லீவு விட்டா மணாலி, தர்மசாலான்னு கிளம்புகிற குடும்பங்கள் நம்ம ஊரில் இப்போ ரொம்ப அதிகம். போகிறவங்க பட்டியலில் பாராகிளைடிங்கும் தவறாம இருக்கு. போனில் ரீல்ஸ் பார்த்தே பாதிப்பேர் முடிவு பண்ணிடறாங்க. தப்பில்லை, அழகான அனுபவம்தான் அது. ஆனால் அந்த முப்பது விநாடி வீடியோவில் ஒரு பகுதி வரவே வராது: கால் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய பத்து நிமிடம். பறப்பதின் பாதுகாப்பில் பெரும்பங்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கு என்பது என் கருத்து. பைலட்டுக்கு மட்டுமில்லை, அவருக்கு முன்னால் கட்டிக்கொண்டு போகிற உங்களுக்கும் அதில் வேலை இருக்கு. அதைப் பற்றித்தான் இப்போ பேசப்போறேன்.

இமாச்சலப் பிரதேசத்தில் காங்ரா மாவட்டத்தில் இருக்கிற பீர் பில்லிங்கை உதாரணமா எடுத்துக்கலாம். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. பில்லிங் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளிச் சரிவு. அங்கேதான் கிளம்பறது. இறங்கறது கீழே பீர் கிராமத்தில், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் பள்ளத்தில். ஜீப்பில் மேலே கூட்டிப்போவாங்க. பயிற்சி இல்லாத நாம பறப்பது டேண்டம் முறையில்: ஒரே இறக்கை, இரண்டு பேர், முன்னால் நீங்க, பின்னால் பைலட். மகாராஷ்டிராவின் காம்ஷெட் மாதிரி மற்ற இடங்களுக்கும் நான் சொல்லப்போறது பொருந்தும்.

பாராகிளைடருக்கு இன்ஜின் கிடையாது. மெல்லிய நைலான் துணியில் வரிசையா பைகள் தைத்திருக்கும். முன்பக்க வாய் வழியா காற்று உள்ளே புகுந்தால்தான் அந்தத் துணி இறக்கை வடிவத்துக்கு வரும். முன்னோக்கிப் போய்க்கிட்டே இருந்தால்தான் அந்த வடிவம் நிற்கும். இது ஒண்ணு மனசில் நின்னா போதும், பைலட் சொல்கிற மற்றதெல்லாம் தானா புரியும்.

முதலில் காற்று. சாதாரணமா ஒரு பாராகிளைடர் காற்றில் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகும். எதிர்க்காற்றே 40 கிலோமீட்டர் வேகத்தில் அடிச்சா? அந்தரத்தில் அப்படியே நிற்கும். அதுக்கும் மேல போனா பின்னால் தள்ளிக்கிட்டுப் போகும். பின்னால் மலைமுகடு இருக்கு, அதைத் தாண்டினா சுழற்காற்று. அதனால்தான் சரிவுக்கு நேர் எதிரே, மிதமா, சீரா வீசுகிற காற்றுக்காகக் காத்திருக்கிறாங்க. கிளம்புகிற இடத்தில் கட்டியிருக்கிற காற்றுப்பையை ஐந்து நிமிடம் உட்கார்ந்து கவனிங்க. ஒரே திசையில் நிதானமா அசைஞ்சா சரி. ஒரு நிமிடம் தொங்கி, அடுத்த நிமிடம் விறைச்சு, திசையும் மாறிக்கிட்டே இருந்தா, ‘இப்போ போகலாமா?’ன்னு பைலட்டிடம் நீங்களே கேளுங்க. ‘கொஞ்சம் பொறுங்க’ன்னு சொல்கிற பைலட் கிடைச்சா சந்தோஷப்படுங்க. நேரம் வீணாகுதுன்னு அவரை அவசரப்படுத்தாதீங்க.

போனில் செய்ய வேண்டிய வேலையும் இங்கேதான் இருக்கு. முதல் நாள் இரவும் கிளம்புகிற காலையும் இந்திய வானிலைத் துறையின் ‘மௌசம்’ செயலியில் அந்த இடத்தின் நிலவரத்தைப் பாருங்க. இடி மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலி இருக்கு. நம்ம ஊர் விவசாயிகள் பலர் வச்சிருக்கிறதுதான். பக்கத்தில் இடி மேகம் திரண்டிருந்தா, தலைக்கு மேல வெயில் அடிச்சாலும் பறக்கிற நாள் இல்லை அது. அந்த மேகத்துக்கு அடியில் மேலே உறிஞ்சுகிற காற்றும் கீழே அறைகிற காற்றும் இருக்கும். மழைக்காலத்தில், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, இமாச்சலில் பாராகிளைடிங்குக்குத் தடை இருக்கு. அந்த மாதங்களில் யாராவது ‘நமக்கு மட்டும் ஏற்பாடு பண்றேன் சார்’னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

அடுத்தது, யாரோட பறக்கறோம் என்பது. இமாச்சலில் இதற்குத் தனி விதிகள் 2004-லிருந்தே இருக்கு. நடத்துகிற நிறுவனமும் பைலட்டும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்கணும். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் வெளியிட்ட தேசிய வான்விளையாட்டுக் கொள்கையிலும் பாராகிளைடிங் உண்டு. ஆக, உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்க உரிமை. கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு நமக்கு ஒரு கூச்சம். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லிச் சண்டை போடுகிற நாம, உயிரைக் கொடுத்து ஏறுகிற இடத்தில் வாய் திறக்க மாட்டோம்! பதிவு எண், உரிமத்தில் இருக்கிற பெயரும் படமும், ரசீது, மூன்றையும் போனில் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுடுங்க. கீழே பேசிய ஆள் ஒருத்தர், மேலே பறக்க வருபவர் இன்னொருத்தர் என்றால், மேலே இருப்பவரின் உரிமம்தான் முக்கியம்.

எடை கேட்பாங்க. உண்மையைச் சொல்லுங்க. ஒவ்வொரு இறக்கைக்கும் இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரைன்னு சான்று இருக்கு. பத்து கிலோ குறைச்சுச் சொன்னா அழகு கூடாது, கிளம்பவும் இறங்கவும் வேண்டிய வேகம்தான் கூடும். கர்ப்பமா இருக்கிறவங்க, இதயம், முதுகெலும்பு, மூட்டு இவற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவங்க கீழே நின்று கையசைப்பதே நல்லது. கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்க. துப்பட்டா, சேலை, தொங்குகிற கேமரா வார் எதுவும் வேண்டாம்.

இப்போ வார்கள். இந்தப் பேச்சில் இதை மட்டும் நினைவில் வச்சாலும் போதும். உட்கார்ந்து பறக்கிற இருக்கைக்கு ஹார்னஸ்னு பேர். அதில் மார்புக்கு ஒரு வார், இரண்டு தொடைகளுக்கும் ஒவ்வொரு வார். உங்க எடையைப் பிடிச்சு நிறுத்தறது தொடை வார்கள்தான். மார்பு வார் மட்டும் போட்டு, தொடை வார் போடாம கிளம்பினா, தரையில் நிற்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. கால் தரையை விட்டதும் உடம்பு கீழே வழுகும். அக்குளில் தொங்கிக்கொண்டு எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? உலகம் முழுக்க அனுபவசாலி பைலட்டுகளே இப்படி இறந்திருக்காங்க. காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: எல்லாம் மாட்டி முடிச்ச பிறகு காற்று சரியில்லைன்னு காத்திருப்பாங்க. வெயிலுக்கு ஜாக்கெட்டைக் கழட்ட, ஒதுங்கிட்டு வர, வாரை அவிழ்ப்பாங்க. திடீர்னு காற்று சரியாகும், ‘வா வா’ன்னு கூப்பிடுவாங்க, மறுபடி மாட்டியாச்சுன்னு மனசு நம்பிடும். புது மாதிரி ஹார்னஸ்களில் தொடை வார் மாட்டாம மார்பு வார் பூட்டாதபடி செய்திருக்காங்க. எல்லாவற்றிலும் அது இருக்குன்னு நினைக்காதீங்க.

அதனால் கண்ணால் பார்த்தது போதாது. கிளம்புகிற கடைசி நிமிடத்தில் கையால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லுங்க: ‘இடது தொடை, வலது தொடை, மார்பு, ஹெல்மெட்.’ பிறகு உங்க இருக்கையை இறக்கையோடு இணைக்கிற இரண்டு உலோகக் கொக்கிகளும் பூட்டியிருக்கான்னு பைலட்டிடம் காட்டச் சொல்லுங்க. ரிசர்வ் பாராசூட் எங்கே இருக்குன்னும் கேளுங்க. ஒரு தடவை வாரை அவிழ்த்தா, முதலிலிருந்து மறுபடி எல்லாத்தையும் தொடணும். உங்க குழந்தையை அனுப்பறீங்கன்னா நீங்களே கைவைத்துப் பாருங்க. ஹார்னஸ் குழந்தையின் உடம்புக்குப் பெரிசா, தொளதொளன்னு இருந்தா அனுப்பாதீங்க. அழுதா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கலாம்.

அடுத்து ஓட்டம். பைலட் இறக்கையைத் தலைக்கு மேல் எழுப்பினதும் உங்களைப் பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கும். அப்போ முன்னால் சாய்ந்து நடக்கணும், அவர் ‘ஓடு’ன்னு சொன்னதும் ஓடணும். நம்ம ஆட்கள் இங்கே மூன்று காரியம் பண்றாங்க. சிலர் பயந்து நின்னுடறாங்க. சிலர் நீச்சல் குளத்தில் குதிக்கிற மாதிரி குதிக்கிறாங்க. ரொம்பப் பேர், கால் லேசா மேலே எழும்பினதும் ‘பறந்தாச்சு’ன்னு உட்கார்ந்துடறாங்க. மூன்றுமே ஆபத்து. இறக்கைக்கு இன்னும் முழு வேகம் வந்திருக்காது. நீங்க உட்கார்ந்தா இரண்டு பேர் எடையும் சட்டுனு தொங்கும், மறுபடி தரையில் விழுவீங்க, அந்தத் தரை சரிவில் பாறை இருக்கலாம். கால் அந்தரத்தில் இருந்தாலும் ஓடிக்கிட்டே இருங்க, சைக்கிள் மிதிக்கிற மாதிரி. பைலட் ‘உட்காருங்க’ன்னு சொன்ன பிறகுதான் உட்காரணும். அவர் ‘நில்லு’ன்னு கத்தினா நின்னுடணும், ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம். அவர் எந்த மொழியில் சொல்லுவார்? பெரும்பாலும் இந்திதான். ‘தௌடோ’ன்னா ஓடு, ‘ருக்கோ’ன்னா நில், ‘பைட்டோ’ன்னா உட்கார். கிளம்பறதுக்கு முன்னாடியே இந்த மூன்று சொல்லையும் அவரோடு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிடுங்க.

மேலே போனதும் பெரிசா வேலை இல்லை. கயிறுகளையும் பைலட்டின் கையையும் பிடிக்காதீங்க. இறக்கையின் ஒரு ஓரம் சில நேரம் மடங்கி விரியும். பைலட் சரி பண்ணிடுவார், நீங்க துள்ளாம இருந்தா அவருக்கு உதவி. போனை ஜிப் வச்ச பையில் போட்டு மூடிடுங்க. படம் வேணும்னா பைலட்டிடம் இருக்கிற கேமரா எடுக்கும். கைநழுவின போன் கீழே ஒருத்தர் தலையில் விழலாம். செல்ஃபி குச்சி கயிற்றில் சிக்கினா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேண்டாம்.

இறங்கும்போது பைலட் எழுந்து நிற்கச் சொல்லுவார். இருக்கையிலிருந்து முன்னால் நகர்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டு, தரை தொட்டதும் நாலு எட்டு ஓடுங்க. காலைத் தூக்கச் சொன்னா தூக்குங்க. நாமளா எதையும் தீர்மானிக்க வேண்டாம். மரத்தில் மாட்டிக்கிட்டா இறங்க முயற்சி பண்ணாதீங்க, ஆள் வரும்வரை அப்படியே இருங்க. யாராவது பலமா விழுந்துட்டா தூக்கி உட்கார வைக்காதீங்க, ஹெல்மெட்டையும் கழட்டாதீங்க, முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம். 112-க்கோ 108-க்கோ போன் பண்ணுங்க. 112 நாடு முழுக்க வேலை செய்யும், எந்த மாநிலத்தில் இருந்தாலும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே போன பிறகு காற்றோ, வாரோ, பைலட்டோ மனசுக்கு ஒப்பலைன்னா ‘வேண்டாம்’னு சொல்லிட்டு ஜீப்பில் இறங்கி வரலாம். காசு போச்சேன்னு ஏறாதீங்க. முன்பதிவு பண்ணும்போதே, வானிலை சரியில்லாம ரத்தானா பணம் திரும்ப வருமான்னு எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க; வாட்ஸ்அப் பதிலே போதும். பிறகு தகராறு வந்தா அந்தப் பதிலையும் ரசீதையும் வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். காப்பீடு எடுத்திருக்கிறவங்க பாலிசியில் சாகச விளையாட்டு அடங்குமான்னு ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துடுங்க. பல பாலிசிகளில் அது அடங்காது.