கிரிக்கெட் மட்டையும் பந்தும்

கிரிக்கெட் மட்டையின் அகன்ற பகுதி வில்லோ மரம். இங்கிலாந்திலும் காஷ்மீரிலும் வளர்வது. மரத்தை உலர்த்தி, இயந்திரத்தில் அழுத்தி இறுக்குகிறார்கள். கைப்பிடியோ பிரம்பு. நம் சரவாக் பிரம்புக்கு இதில் நல்ல பெயர் உண்டு. பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர்ப் பட்டை வைத்து ஒட்டி, நுனியை ஆப்புப்போல் சீவி, வில்லோவில் பொருத்துகிறார்கள்.

பந்தின் நடுவில் தக்கை. அதன்மேல் கம்பளி நூலை இறுகச் சுற்றி, தோல் போர்த்தித் தைக்கிறார்கள். எடை சுமார் 160 கிராம். அந்தப் பந்து வேகமாக வந்து மோதினால் மட்டை அதிரும். அதிர்ச்சி கைக்கு ஏறாமல் தாங்குவதில் ரப்பருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டிய பெரியோர்களே, ஆட்டம் பார்க்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கைதட்டல் ஆட்டக்காரருக்கு, அவர் கையைக் காப்பது நம்மைப் போன்றோர் வெட்டியெடுத்த பால்.