உண்டியலின் பூட்டு யாருக்காக?

இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையில் அடங்கக்கூடியது. காசு சேர்க்கும் சின்ன உண்டியல். அதிலும் குறிப்பாக, அந்த உண்டியலின் பூட்டு. 'இதில் பேச என்ன இருக்கிறது?' என்று நினைப்பீர்கள். எங்களுக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது.

பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் காத்தோங் வட்டாரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். காத்தோங் இன்று கடைவீதியும் மாடி வீடுகளுமாக இருக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அது கடலோரத் தென்னந்தோட்டம். சிங்கப்பூரின் முதல் காவல்துறை ஆணையராக இருந்த தாமஸ் டன்மனுக்கே அங்கே பெரிய தென்னந்தோட்டம் இருந்தது. தோட்டத்திலிருந்து போன எங்களுக்கு, அதுவும் ஒரு காலத்தில் தோட்டம் என்று கேட்டதும் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

அந்த வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. ஒரு தகர உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கே போனாலும் எடுத்துச் செல்ல மேலே ஒரு கைப்பிடி. முன்புறம் மூன்று எண் சக்கரங்கள். சரியான மூன்று எண்களை வரிசையாக வைத்தால் கதவு திறக்கும். அவள் எண்ணை மறந்துவிட்டாள்.

நாங்கள் கணக்குப் போட்டுக் காட்டினோம். ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை பத்து எண்கள். பத்தைப் பத்தால் பெருக்கி, மீண்டும் பத்தால் பெருக்கினால் 1000. ஆக, ஆயிரம் எண்களில் ஒன்றுதான் சரியானது. ஒரு நொடிக்கு ஓர் எண் வீதம் முயன்றால், எல்லாவற்றையும் முடிக்க 17 நிமிடம்கூட ஆகாது. 000 என்று தொடங்கினோம். 417 வந்தபோது கதவு திறந்தது. ஏழு நிமிடம்.

பெண் மகிழ்ச்சியில் குதிப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் முகம் வாடிவிட்டது. "அப்படின்னா அண்ணனும் திறந்துடலாமே மாமா?" என்றாள்.

நேயர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

பெரிய இரும்புப் பெட்டியின் பூட்டு திருடனுக்காகப் போடுவது. பெட்டியைத் தூக்க முடியாது; ஆகவே திருடன் பூட்டை உடைக்க வேண்டும். கையடக்க உண்டியலோ அப்படியல்ல. திருட வருகிறவன் பூட்டோடு போராட மாட்டான். உண்டியலையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அப்படியானால் இந்தப் பூட்டு யாருக்காக? வீட்டில் இருப்பவர்களுக்காக. சரியாகச் சொன்னால், சேர்க்கிற நம்முடைய கைக்காகவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எப்படிப்பட்ட பூட்டு வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் நம் பாட்டிமார் வைத்திருந்த மண் உண்டியலைப் பாருங்கள். அதற்குப் பூட்டே இல்லை, மண்தான் பூட்டு. திறக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். உடைத்தால் சத்தம் கேட்கும், ஓடு கிடக்கும், வீட்டுக்கே தெரிந்துவிடும். ரகசியமாக எடுக்க முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. ஆனால் ஒரு முறைதான் பயன்படும்.

அடுத்தது, அடியில் ரப்பர் மூடி வைத்த பிளாஸ்டிக் உண்டியல். நகத்தால் நெம்பினால் மூடி வந்துவிடும். மீண்டும் அழுத்தினால் யாருக்கும் தெரியாது. இது உண்டியல் அல்ல, காசு வைக்கும் டப்பா.

பிறகு, சின்ன தகரச் சாவி போட்ட உண்டியல். உள்ளே ஒரு நாக்கு மட்டும் இருக்கும். சாவி சுற்றும்போது நாக்கு நகரும். எந்தச் சாவி என்று அந்த நாக்குக்குத் தெரியாது. கொண்டை ஊசியை வளைத்து விட்டுத் திருப்பினாலும் நகரும். பிள்ளைகள் இதை நம்மைவிட முன்னதாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நல்ல பூட்டு என்பது தன் சாவியை அடையாளம் காணும் பூட்டு. திண்டுக்கல் பூட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெம்புத் தகடு வைத்த பூட்டுகளுக்குப் பேர்போன ஊர் அது. அத்தகைய பூட்டுக்குள் பல தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகர வழி கிடைக்கும். கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாலும் அடைப்பு. குறைவாகத் தூக்கினாலும் அடைப்பு. சாவியின் பற்கள் வெவ்வேறு உயரமாக வெட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு வகை, அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற பூட்டு. நம் வீட்டு வாசல் கதவுகளில் இன்று இருப்பது பெரும்பாலும் இதுதான். ஓர் உருளை, அதற்குள் இரண்டிரண்டு துண்டுகளாகச் சிறு ஊசிகள், மேலிருந்து ஸ்பிரிங் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால், எல்லா ஊசிகளின் இணைப்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும். ஓர் ஊசி தவறினாலும் சுழலாது. உண்டியல் வாங்கும்போது இந்த வகைச் சின்னப் பூட்டு வைத்ததைக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் நேயர்களே, பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உண்டியலுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் காசு போடும் வாய். இதை மறந்ததால் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் உண்டியல் வைத்தோம். ஆண்டு முடிவில் பயிற்சி நூல்கள் வாங்குவதற்காக. நல்ல இரும்பு உண்டியல், நல்ல பூட்டு. சாவி ஆசிரியர் அறையில். யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாணவன் அதைத் தன் பையில் வைத்து ஆசிரியர் அறைக்கு எடுத்து வருவான். மூன்று மாதம் கழித்துத் திறந்து எண்ணினால், நோட்டில் உள்ளதைவிட 3 வெள்ளி 40 காசு குறைவு. பூட்டு அப்படியே இருந்தது. சாவி எங்களிடம் இருந்தது. தூக்கி வந்தவன் அவன் ஒருவன்தான். வகுப்பின் முன்னால் நிறுத்தி, அவன் பையைக் கொட்டச் சொன்னோம். பையில் ஒன்றும் இல்லை. அவன் ஒன்றும் பேசவும் இல்லை.

மறுநாள் அவன் தாயார் வந்தார். பால்மரக் காட்டு வேலை முடித்து, வேலை உடுப்போடு நின்றார். சண்டை போடவில்லை. "வாத்தியாரையா, அந்தப் பெட்டிய கொஞ்சம் குடுங்க" என்றார். வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் இரண்டு முறை ஆட்டினார். பூட்டிய உண்டியலிலிருந்து ஒரு 20 காசு மேசைமேல் விழுந்தது. இன்னொரு முறை ஆட்டினார். ஒரு 10 காசு விழுந்தது. "பைக்குள்ள கவுந்து கெடந்திருக்கும்யா. பை ஓட்டை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், அதே பிள்ளைகள் முன்னிலையில், தவறு எங்களுடையது என்று சொன்னோம். பையன் கேட்டுக்கொண்டு நின்றான். அந்த ஆண்டு முழுவதும் அவன் உண்டியலில் ஒரு காசும் போடவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளையைப் பார் என்பதை அந்தத் தாயாரிடம்தான் கற்றோம்.

அந்த வாயை எப்படிக் காப்பது? முதலாவது, அளவு. சிங்கப்பூரில் 2013இல் வந்த ஒரு வெள்ளி நாணயத்தின் குறுக்களவு 24.65 மில்லிமீட்டர். நீங்கள் போடும் மிகப் பெரிய நாணயம் எதுவோ, அதைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் போதும். அகலமும் அப்படியே. விரல் நுழையும் அளவுக்கு வெட்டினால், காசு தானே வெளியே வரும்.

இரண்டாவது, தடுப்புத் தகடு. வாய்க்கு உட்புறம் ஒரு சிறு தகடு தொங்கும். உண்டியல் நிமிர்ந்திருக்கும்போது அது விலகி நின்று காசுக்கு வழிவிடும். கவிழ்த்தால் தன் எடையாலேயே விழுந்து வாயை அடைத்துக்கொள்ளும். நல்ல உண்டியல்களில் காசு இறங்கும் வழியையும் வளைத்து வைத்திருப்பார்கள். கத்தி முனையை விட்டு அதன்மேல் காசைச் சறுக்கி எடுக்கும் தந்திரம் அங்கே பலிக்காது, கத்தி வளையாது.

வீட்டில் மைலோ டின்னில் உண்டியல் செய்கிறவர்கள், வாய்க்கு உட்புறம் ஒரு விரல் நீளத்துக்குத் துணிக்குழல் ஒன்றை ஒட்டித் தொங்கவிடுங்கள். கவிழ்த்தால் துணி மடங்கி, பெரும்பாலான காசுகளை நிறுத்திவிடும். எங்கள் மாணவர்கள் செய்து பார்த்தார்கள்.

இனி, முக்கியமான கேள்வி. சாவி யாரிடம் இருப்பது?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சேமிப்பு வங்கிகள் இதற்கு ஒரு வழி கண்டன. சிறிய எஃகு உண்டியலைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, சாவியை வங்கியே வைத்துக்கொண்டது. உண்டியல் உங்கள் அலமாரியில். சாவி வங்கி மேசையில். நிறைந்ததும் எடுத்துப் போனால், கண்முன்னால் திறந்து எண்ணிக் கணக்கில் போடுவார்கள்.

அமெரிக்காவில் சாவியே இல்லாத சட்டைப்பை உண்டியலும் இருந்தது. முதல் 10 காசு நாணயம் விழுந்ததும் அது பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாணயத்துக்கும் உள்ளே எண் ஒன்று நகரும். 50 நாணயம் சேர்ந்து 5 டாலர் ஆனால்தான் கதவு விடும். எண்ணிக்கையே சாவி!

சிங்கப்பூரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877இல் தொடங்கியது. 1969இல் அது பள்ளிச் சேமிப்பு இயக்கத்தை நடத்தியபோது, பிள்ளைகள் சேமிப்புத் தபால்தலை வாங்கி அட்டையில் ஒட்டினார்கள். ஒட்டிய தலையை உரித்து மிட்டாய் வாங்க முடியாது, பசையே பூட்டு. புலித் தைலம் விற்ற ஆவ் பூன் ஹாவ் 1950இல் தொடங்கிய சுங் கியாவ் வங்கி, பிள்ளைகளுக்கு விலங்கு வடிவ உண்டியல்களைத் தந்தது. அந்த வங்கியை 1971இல் வேறொரு வங்கி வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த உண்டியல்களைப் பலர் இன்றும் தேடிச் சேர்க்கிறார்கள்.

காத்தோங்கில் சிலோன் சாலையில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு செண்பக மரத்தடியில் தோன்றிய கோயில் அது. தரிசனம் முடிந்து உண்டியலில் காசு போடும்போது, எங்களுக்கு ஊர்க் கோயில்களின் வழக்கம் நினைவுக்கு வந்தது. கோயில் உண்டியலை ஒருவர் தனியே திறப்பதில்லை. பலர் முன்னிலையில் திறந்து, பலர் சேர்ந்து எண்ணுவார்கள். யார்மேலும் சந்தேகம் இல்லாதபடி செய்துகொண்ட ஏற்பாடு அது. சந்தேகத்துக்கு இடம் வைக்காததே மரியாதை.

இதை நம் வீட்டுக்கும் கொண்டுவரலாம். உண்டியலின் கொண்டியில் இரண்டு சின்னப் பூட்டுகள் போடுங்கள். ஒரு சாவி தாயிடம், ஒரு சாவி தந்தையிடம். அல்லது ஒன்றைப் பாட்டியிடம் கொடுங்கள். சம்பளம் போட்ட சனிக்கிழமை மாலையில் ஒருவர் மனம் தளர்ந்தாலும், மற்றவரைக் கேட்காமல் திறக்க முடியாது. கேட்க வேண்டியிருக்கிறதே என்ற அந்தத் தயக்கம்தான் பாதி சேமிப்பு. ஜனவரியில் பள்ளி உடுப்புக்கும் காலணிக்கும் வட்டிக்காரரிடம் நின்றவர்களுக்கு, அந்தப் பாதியின் அருமை தெரியும்.

உண்டியல் நிறைந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். மலேசியாவில் அஞ்சலகச் சேமிப்பை ஏற்று 1974இல் தொடங்கிய பேங்க் சிம்பானான் நேஷனல் இருக்கிறது. பிள்ளையையும் அழைத்துப் போய், அதன் பெயரிலேயே போடுங்கள். தன் காசு போய்ச் சேரும் இடத்தை அது பார்க்கட்டும்.

காத்தோங்குப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். "ஆமாம், அண்ணனும் திறக்கலாம். அதனால் அவனையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள், முதல் எண்ணை அவன் வைத்துக்கொள்ளட்டும், மற்ற இரண்டையும் நீ வைத்துக்கொள்" என்றோம். இப்போதும் பொறுமை இருந்தால் அவள் அதைத் தனியே திறந்துவிட முடியும். ஆனால் அன்று மாலை இருவரும் சேர்ந்து காசு எண்ணினார்கள்.

நேயர்களே, இன்று இரவு உங்கள் வீட்டு உண்டியலைக் கவிழ்த்து இரண்டு முறை ஆட்டிப் பாருங்கள். காசு விழுந்தால், முதலில் அந்த வாயைச் சரிசெய்யுங்கள். பிள்ளைகளிடம் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.