நாயும் நம் கையும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கெல்லையிலே, களப்பும் கடலும் கலக்கும் முகத்தில் அமைந்துள்ளது கொக்கிளாய். அங்குள்ள களப்பு 1951ஆம் ஆண்டிலே பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அக்கரையில் மீனவர் வலை இழுக்கும் வேளையில், மணலிலே நாய்களும் வந்து கூடும். வலையினின்று சிதறும் சிறுமீனே அவற்றிற்குக் கூலி. இரவிலே வாடியையும் வளவையும் காப்பவை அவையே. படலையடியிற் புதிய காலடி கேட்டால் முதலில் எழுந்து குரல் கொடுப்பவையும் அவையே.

இவ்வளவு உழைக்கும் நாயின்மீது நம் கை எப்போது படுகின்றது? காதிலே உண்ணி மொய்த்த அன்று படுகின்றது. காலிலே தூண்டில் முள் ஏறிய அன்று படுகின்றது. தடுப்பூசி போடுவோர் ஊருக்கு வந்த அன்று, கயிற்றோடும் சாக்கோடும் நான்கு பேர் துரத்திப் பிடிக்கையிற் படுகின்றது. நாய் சீறுகின்றது, கடிக்கின்றது. 'இது பொல்லாத நாய்' என்று நாம் தீர்ப்பும் கூறிவிடுகின்றோம். கை என்றால் நோவு என்பதையன்றி வேறெதனையும் அந்த நாய்க்கு நாம் கற்பித்ததில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நாயின் கல்வி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை உருசிய நாட்டு உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் ஆராய்ந்தார். 1904இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். உணவு கொண்டு வருபவரின் வருகையை உணர்ந்த மாத்திரத்தே நாய்க்கு வாயூறுவதை அவர் கண்டார். ஒன்றை அடுத்து மற்றொன்று தவறாது வருமாயின், முன்னதைக் கண்டதும் பின்னதை எதிர்பார்த்து உடல் ஆயத்தமாகிவிடும். இன்பத்துக்கு இது பொருந்துமாயின், அச்சத்துக்கும் பொருந்தும் அன்றோ?

கற்ற அச்சத்தை மாற்றவும் வழியுண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். குழந்தை விருப்பமான உணவை உண்ணும் வேளையில், முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அண்மையிற் கொண்டுவந்தார். ஈற்றில் அக்குழந்தை அம்முயலைத் தடவி விளையாடிற்று. அதட்டலால் ஆகாதது, பொறுமையால் ஆயிற்று.

கொக்கிளாய் மக்கள் 1984இல் ஊரைப் பிரிந்து, 2009இல் போர் ஓய்ந்த பின்னரே மீண்டு வந்து குடியமர்ந்தவர்கள். அஞ்சிய உயிருக்கு நம்பிக்கை ஒரே நாளில் திரும்புவதில்லை என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, வீட்டிலே செய்யத்தக்கதைப் பார்ப்போம். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், ஐந்து நிமிடம் போதும். மாலையில் வெயில் தணிந்த பின் முற்றத்து மரநிழல் நன்று. நாயைக் கட்டி இழுக்காது, தானாக வரவிடுக. முதற் சில நாள் மார்பையும் தோளையும் மட்டும் தடவி, உடனே அவித்து முள் நீக்கிய மீன்துண்டு ஒன்றைக் கொடுக்க. உப்பு மிகுந்த கருவாடு ஆகாது. தொடுகை முன்னும் உணவு பின்னுமாக இந்த ஒழுங்கு மாறாதிருத்தல் வேண்டும். அதன்பின் காது, வாய், வயிறு, ஈற்றில் பாதம் என ஒவ்வொன்றாகப் பழக்குக.

சீப்பையும் அவ்வாறே அறிமுகஞ் செய்க. முதல்நாள் மோந்து பார்க்கட்டும். மறுநாள் ஒரே ஒரு வாரல். அடுத்த நாள் இரண்டு. நகத்தினுள்ளே குருதிக்குழாயும் நரம்பும் உள்ளன. ஆகையால் நுனியை மட்டுமே வெட்டுதல் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நகமாயினும் குறைவில்லை. குளிப்பாட்டுகையில் தலையிலே வாளியைக் கவிழ்த்தல் தகாது. பாதத்திலிருந்து தொடங்கிச் சிரட்டையால் மெல்ல வார்க்க. களப்பிலே புரண்டு வந்த நாளில் உப்பையும் மணலையும் நன்னீரால் கழுவி, காதின் ஈரத்தையும் துடைத்துவிடுக.

நாய்க்கும் மொழியுண்டு. உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், வாலை ஒடுக்குதல், உடல் விறைத்தல் ஆகியன 'போதும்' என்று அது சொல்லும் சொற்கள். அச்சொல்லைக் கேட்டு அன்றைக்கு நிறுத்துவோனை நாய் நாளையும் நம்பும். உறுமினால் அடிக்கலாகாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதனை அடித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்கையின்றியே கடி வரும்.

உண்ணி வெறும் அரிப்புப் பூச்சியன்று. நாயின் குருதியைக் கெடுக்கும் நோய்க்கிருமிகளை அது சுமக்கின்றது. சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்தெடுக்க வேண்டும். விரலால் நசுக்கலாகாது. மண்ணெண்ணெய் பூசுவது தோலைப் புண்ணாக்கும். நக்கினால் உடலுக்கும் நஞ்சாகும். நாள்தோறும் தடவும் கைக்கு உண்ணியும், புண்ணும், கட்டியும் தொடக்கத்திலேயே தட்டுப்படும். வழக்கமாக அமைதியாயிருந்த நாய் ஓரிடத்தைத் தொட்டதும் திடீரெனச் சீறுமாயின், அங்கே நோவு உண்டென்று கொண்டு மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. அது விசர்நோய். மனிதரை அடையும் விசர்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயாலேயே வருகின்றது. கடிபட்டு மாள்வோருட் பெருந்தொகையினர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர். 1970களில் இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி பரவிய பின் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஓரூரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசி ஏறினாலன்றி நோய் அடங்காது. ஊசி இருக்கின்றது, போடுவோரும் வருகின்றனர். ஆனால், பிடிபடாத நாய்க்கு ஊசி ஏறுவதெங்ஙனம்? ஓடித் தப்பிய நாயோடுதான் மறுநாள் நம் குழந்தை முற்றத்தில் விளையாடுகின்றது.

ஆகவே, மாலைதோறும் செலவிடும் அந்த ஐந்து நிமிடம் நாய்க்கு மட்டும் உரியதன்று; குழந்தைக்கும் உரியது. சிறுவர் பெரியோர் முன்னிலையிலேயே நாயைப் பேண வேண்டும். அறியாத நாயைத் தொடுதல் ஆகாது. கடியோ கீறலோ பட்டால், சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஊசி போடும் நாள் ஆண்டுக்கு ஒருமுறை வரும். அந்நாளுக்கான ஆயத்தம் மற்றெல்லா நாளிலும் நடைபெற வேண்டும். இன்று மாலை உங்கள் முற்றத்து நாயின் தோளை ஒரு முறை மெல்லத் தடவி, ஒரு துண்டு மீனைக் கொடுங்கள். நாளையும் அதே நேரத்தில் அதையே செய்யுங்கள். சில வாரங்களில், நீங்கள் சீப்பை எடுக்கும் முன்னரே அது வாலையாட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்து காத்திருக்கக் காண்பீர்கள்.